முன்னால் கடல், பின்னால் கழி: கடலோரத்தில் வீடு தேடிய ஒரு சேலம் குடும்பம்

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எனக்குப் பழக்கமான கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் தட்டுவடை செட்டுப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு வழவழப்பான விளம்பரப் புத்தகத்தையும் வைத்தார். அட்டையில் ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் பச்சைத் தண்ணீர், நடுவில் ஒரு வெள்ளை வீடு.

"ஏற்காட்டு எடத்த வித்துட்டு இத வாங்கிரலாம்னு இருக்கேன் தம்பி. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க."

நான் சேலத்தில் கட்டடப் பொறியாளர். வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடும் செய்து கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித்தண்ணீரும் மலைத்தண்ணீரும்தான். கடல் எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லியும் அவர் விடவில்லை. ஏற்காட்டில் அவருடைய 20 சென்ட் இடத்துக்கு 2012-ல் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவன் நான். அதனால் வந்த நம்பிக்கை. இந்த ஆய்வில் அவரை அண்ணன் என்றே சொல்கிறேன். மனையை விற்க வந்தவர் யார், மனை எந்தத் தெருவில் என்பதெல்லாம் வேண்டாம். இதை எழுதலாம் என்று அண்ணனே ஒப்புக்கொண்டார், பேர் போடாமல் இருந்தால் சரி என்று.

சேலத்துக்காரருக்குக் கடல் எதற்கு?

எங்கள் ஊரில் கையில் நாலு காசு சேர்ந்தால் மலையில் ஒரு இடம் வாங்கிப் போடுவது பழைய வழக்கம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர் காத்திருக்கிறது. பேரிலேயே ஏரியும் காடும் இருக்கிற ஊர். ஆனால் அண்ணனுக்கும் அண்ணிக்கும் மூட்டுவலி வந்த பிறகு அந்தப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. மகனுக்குச் சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வேலை. பேத்தி பிறந்திருந்தாள். காரணங்கள் இவ்வளவுதான் என்று அவர் சொல்வார்.

எனக்கென்னவோ இன்னொன்றும் இருப்பதாகத் தோன்றியது. செவ்வாய்ப்பேட்டையில் 35 வருடம் கொலுசுப் பட்டறை நடத்தியவர். வெள்ளி உருக்கும் அடுப்புக்கு முன்னால், குனிந்த கழுத்தோடு, ஜன்னல் கூட இல்லாத அறையில் வாழ்க்கை போயிருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஆசை வருவதில் என்ன தப்பு? மேட்டூர் அணை நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாங்கள்.

சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று மே மாதம் கிளம்பினோம்.

இரண்டு தண்ணீருக்கு நடுவே

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை போகும் நிலத்தை வரைபடத்தில் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவே நீளமான ஒரு மணல் பட்டை, அதன் முதுகில் சாலை. முட்டுக்காட்டில் உப்பங்கழி, அதாவது கடல்தண்ணீர் உள்ளே வந்து போகிற நீர்ப்பரப்பு, அந்தப் பட்டையை அறுத்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் நுழைந்து, கோவளத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது.

கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. 1806-ல் சென்னைக்கு வடக்கே சிறியதாகத் தொடங்கி, பிறகு தெற்கே மரக்காணம் வரை நீண்டது. உப்பும் விறகும் படகில் போவதற்காக வெட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-ல், பஞ்ச நிவாரண வேலையாகக் கூலிக்கு ஆள் வைத்து வெட்டிய பகுதிகளும் அதில் உண்டு. அந்தப் பஞ்சம் சேலம் ஜில்லாவையும் சூறையாடியது. இதை அண்ணனிடம் சொன்னபோது, தன் பாட்டனார் காலத்துக் கதையெல்லாம் எடுத்துவிட்டார். மனை பார்க்கும் வேலை அரை மணி நேரம் நின்றது.

அங்கே போய் இறங்கினால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். மே மாத வெயில் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்கள் சட்டை உலர்ந்துவிட்டது. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை. கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகையோடு பிள்ளைகள். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், சுத்தம், பாதுகாப்பு என்று 33 அளவுகோல்களைப் பார்த்து டென்மார்க்கில் இருக்கும் ஒரு அமைப்பு தருகிற சான்று அது. விளம்பரப் புத்தகத்தில் அந்தக் கொடிக்கு ஒரு முழுப் பக்கம். கொடி கிடைத்தது குறிப்பிட்ட ஒரு கடற்கரைத் துண்டுக்கு. பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மனைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். கூட்டிப்போன பையன் சிரித்தான்.

மனை, சாலைக்கு மேற்கே, கழியைப் பார்த்த மாதிரி. ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி. சாலையைத் தாண்டி நடந்தால் கடல், கொல்லைப்பக்கம் நின்றால் உப்பங்கழி. நாரையும் கொக்கும் நின்றுகொண்டிருந்தன. அண்ணி ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

வில்லங்கத்தில் தெரியாத வில்லங்கம்

தாள்களில் குறை இல்லை. 30 வருட வில்லங்கச் சான்றிதழ் சுத்தம். தாய்ப்பத்திரம், பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. சேலத்தில் ஒரு மனைக்கு இவ்வளவும் இருந்தால் அன்றைக்கே முன்பணம் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் கடலோரத்தில் இந்தத் தாள்கள் எதிலும் வராத ஒரு கோடு இருக்கிறது. கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்கிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைத்தான் சொல்கிறேன். 1991-ல் முதலில் வந்தது, 2011-ல் புதிதாக எழுதப்பட்டது, 2019-ல் மறுபடி மாறியது. கடலிலிருந்து 500 மீட்டர் என்ற கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கழிக்கும், ஓதம் (கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் கால்வாய்க்கும் தனிக் கணக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2011 அறிவிக்கைப்படி அந்தத் தண்ணீரிலிருந்து 100 மீட்டர் அல்லது அதன் அகலம், எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு. 2019-ல் அந்த 100 மீட்டரை 50 ஆக்கினார்கள். ஆனால் புது அறிவிக்கைப்படி மாநிலத்தின் வரைபடத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் புதுக்கணக்கு செல்லும். நாங்கள் மனை பார்த்த சமயத்தில் தமிழ்நாட்டின் புது வரைபடம் வரைவு நிலையைத் தாண்டியிருக்கவில்லை.

விற்க வந்தவர் 50 மீட்டர் என்ற கணக்கைத்தான் காட்டினார். தண்ணீர் விளிம்பிலிருந்து மனைக்கு 62 மீட்டர், அதனால் பிரச்சினையே இல்லை என்றார். நாடா பிடித்தோம், 62 சரிதான்.

அளந்த இடம்தான் சரியில்லை. நாங்கள் நின்றது மே மாதத்தில், ஓதம் இறங்கியிருந்த நேரத்தில். சட்டம் அளக்கச் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரிலிருந்து இல்லை, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் உச்சமாக ஏறும்போது தண்ணீர் தொடுகிற கோட்டிலிருந்து. அந்தக் கோட்டை நானோ விற்பவரோ தீர்மானிக்க முடியாது. அது அரசு வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் மண்ணே கொஞ்சம் சொல்லும். தண்ணீரை விட்டு மனையை நோக்கி நடந்தால் இருபது மீட்டருக்கும் மேல் தரையில் உப்புப் பூத்துக் கிடந்தது. அதுவரைக்கும் உமரிச் செடி சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. உப்புத்தண்ணீர் வந்து போகிற மண்ணில் வளரும் செடி அது. அந்தச் செடி முடிகிற இடத்திலிருந்து மனைக்கல்லுக்கு 41 மீட்டர். அதாவது பழைய கணக்குப்படி மனை நிச்சயம் உள்ளே. விற்பவர் நம்பியிருந்த புதுக் கணக்குப்படியும் உள்ளேயே விழ வாய்ப்பு அதிகம்.

இதைச் சொன்னதும் எல்லா ஊரிலும் வருகிற பதில் வந்தது: "சார், பக்கத்துல எல்லாரும் கட்டியிருக்காங்களே."

கொச்சியில் மரடு என்ற இடத்திலும் எல்லாரும்தான் கட்டியிருந்தார்கள். காயலோரத்தில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். இதே கடலோர விதிமீறலுக்காக உச்ச நீதிமன்றம் 2019-ல் உத்தரவிட, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு. அந்தக் காட்சியை அண்ணனும் தொலைக்காட்சியில் பார்த்தவர்தான். கைப்பேசியில் மறுபடி தேடிப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் உளுந்தூர்பேட்டை வரை ஒன்றும் பேசவில்லை.

நான் கொடுத்த யோசனை ஒன்றே ஒன்று: புல எண்ணை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தின் மேல் வைத்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றிடம் அறிக்கை வாங்கித் தரச் சொல்லுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் மாதிரி சில இடங்களில் இதைச் செய்து தருகிறார்கள். விற்பவர் தந்தாரா? "ரெண்டு வாரத்துல" என்றார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

மிச்சாங் வந்துபோன பிறகு

அண்ணனின் ஆசை அதோடு விட்டுவிடவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிச்சாங் புயல் மழை சென்னையை முக்கியெடுத்தது. வெள்ளம் வடிந்துகொண்டிருந்தபோது மகனைப் பார்க்கப் போனவர், என்னையும் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனார். இதுதான் இந்த ஆய்வில் முக்கியமான நாள் என்று நினைக்கிறேன்.

முட்டுக்காடு பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். மே மாதம் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர், செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. தென்சென்னைப் புறநகர் ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. கால்வாயில் தெற்கே இறங்கி, முட்டுக்காட்டில் திரும்பி, கோவளத்தில் கடல். நடுவில் கடலில் ஓதம் ஏறிவிட்டால் தண்ணீர் வெளியேற முடியாமல் அங்கேயே தேங்கி நிற்கும். இத்தனை ஏரித் தண்ணீரும் அண்ணன் வாங்க நினைத்த இடத்தின் கொல்லையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

மனைக்கல்லில் ஒரு முழ உயரத்துக்குச் சேற்றுக்கறை. அண்ணி உட்கார்ந்திருந்த அதே கல்.

வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கடலைப் பார்க்கிறார்கள். சுனாமி வருமா, அலை எவ்வளவு தூரம் ஏறும் என்று கேட்கிறார்கள். 2004-ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பட்டையில் அடிக்கடி தண்ணீர் வருவது முதுகுப் பக்கத்திலிருந்து. சேலத்துக்காரர்களுக்கு இது புதிதாகவும் இருக்கக் கூடாது. ஏரி வாய்க்காலில் மனை போட்டு, மழைக்கு மழை கட்டிலின் மேல் அடுப்பை ஏற்றிவைக்கிற தெருக்கள் நம் ஊரிலும் உண்டு.

கொலுசு சொன்னது

மனை வேண்டாம் என்றாயிற்று. ஆனாலும் கடல் வேண்டும். முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்றேன். பத்திரச் செலவே முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்று விற்றால் அந்தக் காசு போனதுதான். 2024 ஜனவரியில், 11 மாத ஒப்பந்தத்தில், கழிக்கு அருகே ஒரு பழைய வீட்டில் குடியேறினார்கள்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. "தம்பி, உங்க அண்ணி கொலுசு கறுத்துப்போச்சு."

நான் உப்புக்காற்று என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உப்பில் வெள்ளி இப்படிக் கறுக்காது, இது கந்தகக் கறுப்பு, கண்ணால் பார்த்தாலே தெரியும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஓதம் இறங்கிச் சேறு வெளியே தெரிகிற நேரங்களில் அழுகின முட்டை வாடை வரும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கழிச் சேற்றில் இயல்பாகவே கொஞ்சம் உண்டாகும். நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வருகிற கால்வாய் சேரும்போது அதிகம். வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்புப் படலம். நான் வைத்திருந்த எந்தக் கருவியும் காட்டாத ஒன்றை அந்த மனிதர் மனைவியின் கால் கொலுசில் படித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த வீடு பார்க்கப் போனாலும் மெருகு போட்ட ஒரு வெள்ளித் தகட்டைப் பையில் எடுத்துப்போய் ஜன்னலோரம் வைத்துவிட்டு, அடுத்த வாரம் போய்ப் பார்ப்பார். மதிப்பீட்டாளர்களுக்கு இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

அந்த வீட்டில் நான் பார்த்தது வேறு. வெயில் தடுப்புப் பலகையின் அடியில் சிமெண்டு பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வயது 14 வருடம்தான். காற்றில் வருகிற உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். துரு கம்பியை விடப் பெரிதாகப் பருத்து மேலே இருக்கிற பூச்சைத் தள்ளிவிடும். இந்தியத் தரநிலை 456-ன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கென்றே கடலோரச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது: குறைந்தது எம்30 கான்கிரீட் (எம் எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். அலைத்தூறல் நேராக அடிக்கிற இடத்துக்கு எம்35, 50 மில்லிமீட்டர். சேலத்தில் எம்20-ம் 20 மில்லிமீட்டருமாகக் கட்டிப் பழகிய கை என்னுடையது. அந்தக் கையோடு அங்கே போய்க் கட்டினால் பதினைந்து வருடத்தில் மறுபடி கூப்பிடுவார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் உள் அலங்காரத்தைப் பார்க்காமல் வெயில் தடுப்பின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். எங்கள் ஊரில் 800 அடி, 1,000 அடி போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டால் இன்னும் கீழே போ என்போம். அங்கே கீழே போனால் உப்பு. மழைநீர் மணலில் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே ஆடை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அதன் கனம் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டரை உறிஞ்சித் தீர்த்தால் கீழே 40 மீட்டர் போய்விடும். அதிலும் இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் இருக்கிற ஒல்லியான பட்டையில் பத்து வீடு சேர்ந்து மோட்டார் போட்டால் கேட்கவே வேண்டாம். பக்கத்து நெம்மேலியில் 2013-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. அதைப் பார்த்து நம் வீட்டுக்கும் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், தங்கள் தெருவுக்குக் குழாய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் மணலில் நடக்கப் போன அண்ணி அங்கே மீனவப் பெண்களோடு பழகிவிட்டார். 'தனிக் கடற்கரை' என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைச் சொன்னாராம். அவர்கள் சிரிசிரியென்று சிரித்திருக்கிறார்கள். படகு ஏற்றுவதும் வலை காயவைப்பதும் மீன் ஏலமும் நடக்கிற இடம் அது. உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே இருக்கிற மணலை யாரும் யாருக்கும் விற்க முடியாது. மேட்டூர் கட்லா தின்று வளர்ந்த நாக்குக்கு அங்கே இருந்த மாதங்கள் நல்ல காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மணல் எங்கே போகிறது

இடையில் புதுச்சேரிக்கு வடக்கே, விலை குறைவாக, கடலைப் பார்த்த ஒரு வீடும் வந்தது. நேரில் போனோம். முன்னால் மணலே இல்லை. கருங்கல் குவியல், அதில் மோதும் அலை. இந்தக் கரையில் வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதால்தான் மெரினா அவ்வளவு அகலமானது. அதே காரணத்தால் ராயபுரம் பக்கம் கரை போனது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர் வந்த பிறகு வடக்கே இருந்த கடற்கரை கரைந்தது. விற்க வந்தவர் "இப்பத்தான் கடல் கிட்ட வந்திருக்கு, இன்னும் நல்லா தெரியும்" என்றார். அண்ணன் வண்டியில் ஏறிவிட்டார்.

கடைசியில் வாங்கியது

2024 செப்டம்பரில் கேளம்பாக்கத்தில், இரண்டாவது மாடியில், ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு. மகன் வீடு பக்கம். கோவளம் சாலையில் உப்பளங்களையும் கழியையும் தாண்டிப் போனால் கால் மணி நேரத்தில் மணலில் கால் வைக்கலாம். ஜன்னலில் கடல் தெரியாது. வெள்ளித் தகடு ஒரு வாரத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே இருந்தது. பணம் போதுமானதாக இருந்ததால் ஏற்காட்டு இடத்தை விற்கவில்லை.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தில் அடித்து முடித்த பிறகு உள்ளே நகர்ந்து, டிசம்பர் 1, 2 தேதிகளில் எங்கள் மலையில் கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கேளம்பாக்கத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"இங்க ஒண்ணும் இல்ல தம்பி, சௌரியமா இருக்கோம். அங்க நம்ம எடத்துக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க, சுவரு நிக்குதான்னு."

பாதை திறந்ததும் போனேன். பள்ளத்தாக்கைப் பார்த்த சுவர், எல்லாரும் நின்று படம் எடுக்கிற பக்கம், அப்படியே நின்றது. மேட்டுப் பக்கத்துச் சுவர் பதினைந்து அடி நீளத்துக்கு உள்ளே விழுந்து கிடந்தது. பின்னால் தேங்கிய தண்ணீர் வெளியேற வீப் ஹோல் ஒன்று கூட இல்லை. 2012-ல் அதைக் கட்டியபோது எனக்கு அது தோன்றவில்லை. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட்டேன். செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.